குன்னெலின் பெட்டியும் தாகேயின் பலூன்களும்

ஹோல்மோசென் பெட்ரோல் பங்க்கில் பல வருடங்களாக ஒரு பந்தயம் நடந்துகொண்டிருந்தது. குன்னெலின் கார் டிக்கியில் இல்லாத சாமான் ஒன்றைச் சொல்பவருக்குக் காபியும் பட்டை போட்ட பன்னும் இலவசம். ஒருவரும் ஜெயித்ததில்லை. "ஊசி நூல்," என்றார் ஒரு லாரி டிரைவர். இருந்தது. "நாய்க்குக் கட்டுற பேண்டேஜ்," என்றாள் கல்லாவில் நின்ற பெண். குன்னெலிடம் நாயே கிடையாது, ஆனால் பேண்டேஜ் இருந்தது. ஊர்ப் பாதிரியார் தாடையைத் தடவி யோசித்துவிட்டு, "கடவுள் நம்பிக்கை," என்றார். "அதுக்குப் பதிலாத்தான் ஸ்டெப்னி வச்சிருக்கேன் ஃபாதர்," என்றாள் குன்னெல். பாதிரியாருக்கும் பன் கிடைக்கவில்லை.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வீட்டோடு இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. காட்டுப்பாதைகளில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், சூப்பைச் சூடு பண்ணி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவாள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு ஏரியாவது இருக்கும். அதனால் அவள் வாழ்க்கையில் பாதி ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் கழிந்தது.

டிக்கியில் அந்தச் சாமான்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்த அவசரப் பெட்டி வந்த கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மணவாழ்க்கை ஒத்துவராமல் முடிந்துபோன வருடத்துப் பனிக்காலத்தில், மலைப்பாதையில் அவள் கார் நின்றுவிட்டது. கம்பளி இல்லை, டார்ச் இல்லை, போன் வேலை செய்யவில்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் பார்த்துக் கதவைத் தட்டும்வரை கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். குளிரைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். தான் வரவில்லையே என்று தேட வீட்டில் ஓர் ஆள் இல்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இனி யாரும் நம்மைத் தேட வேண்டாம், நமக்கு யாரும் வேண்டாம் என்று முடிவு கட்டினாள். அடுத்த வாரமே பெட்டி வாங்கினாள்.

இப்படி இருந்தவள் வாழ்க்கையில்தான் தாகே வந்து சேர்ந்தான். புகைபோக்கி சுத்தம் செய்கிறவன். ஒரு கிழவி வீட்டில் அடுப்பு புகைந்து இவள் இருமிக்கொண்டிருந்தபோது, கூரையிலிருந்து கரி அப்பிய முகத்தோடு இறங்கி வந்து, "காபி இருக்கா?" என்று கேட்டவன். இரண்டு வருடமாகச் சேர்ந்து பழகினார்கள். ஆனால் அவன் அவன் வீட்டில், அவள் அவள் வீட்டில். எங்கள் ஊரில் இது சகஜம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்; உல்லா-பிரித்தைத் தவிர. அவள் தாகேயின் அக்கா.

வசந்தத்தில் தாகே கேட்டுவிட்டான். "என் வீட்டுக்கே வந்துடேன். அடுப்பு நல்லா எரியும், அதுக்கு நான் கேரண்டி."

குன்னெலுக்கு அவனைப் பிடித்திருந்தது. பயமும் இருந்தது. தனியாக இருக்கக் கற்றுக்கொள்ள அவளுக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது. அதை மறந்துவிட்டு, பிறகு மறுபடியும் தனியாக நிற்க நேர்ந்தால் என்ன செய்வது? இதைச் சொல்ல வாய் வராமல், சட்டென்று கையில் கிடைத்த சாக்கைச் சொன்னாள்.

"உன் வண்டில என்ன இருக்கு? ஒரு ஸ்பேனர், பாதி லைகோரிஸ் மிட்டாய் பாக்கெட். முதல்ல உருப்படியா ஒரு பெட்டி வை. அப்புறம் பேசலாம்."

"என் அறுபதாவது பிறந்தநாளுக்குள்ள வைக்கறேன். அன்னிக்கு நீ பதில் சொல்லணும். ஆமாவா இல்லையா, ரெண்டுல ஒண்ணு."

அவன் எங்கே வைக்கப்போகிறான் என்ற தைரியத்தில் சரி என்று தலையாட்டினாள்.

பிறந்தநாள் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை வந்தது. மதியம் இரண்டு மணிக்கு விருந்து. காலையில் குன்னெல் போனபோது, தாகே காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, பரீட்சைப் பேப்பரை நீட்டும் பையனைப் போல நின்றான். உள்ளே புத்தம்புதிய பெட்டி. கரி ஒரு பொட்டுக்கூட இல்லை.

அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தாள். வண்டி நின்றால் ரோட்டில் ஊன்றும் சிவப்பு முக்கோணம், முதலுதவிப் பை, பேட்டரி கேபிள், கட்டி இழுக்கும் கயிறு, மடக்கு மண்வாரி. கயிற்றின் கொக்கியை இழுத்துப் பார்த்தாள், உறுதியாகத்தான் இருந்தது. பயல் நிஜமாகவே வைத்துவிட்டான். குறை கண்டுபிடிக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அடியில் இருந்தவை கண்ணில் பட்டன. ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் இரண்டு. கம்பளி இரண்டு. கையுறை இரண்டு ஜோடி. ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்தில் கப் இரண்டு.

"என்ன இது, நோவா பேழையா? எல்லாம் ஜோடி ஜோடியா ஏத்தி வச்சிருக்க?"

"இல்ல குன்னெல், நான் என்ன நினைச்சேன்னா..."

"ஒரு வண்டிக்கு ஒண்ணு போதும். இடத்தை அடைக்குது பாரு." பாதியை எடுத்து முற்றத்துப் புல்லில் போட்டாள். "அப்புறம், முக்கியமானது இல்லையே! நாடா எங்க?"

"எந்த நாடா?"

குன்னெலுக்கு உயிர் வந்தது. எல்க் மானை இடித்துவிட்டு எங்கள் நாட்டில் அப்படியே போய்விட முடியாது. மாடு அளவுக்கு இருக்கும் மிருகம் அது. போலீசுக்குச் சொல்ல வேண்டும். இடித்த இடத்தில் பளிச்சென்று ஒரு நாடாவைக் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். வேட்டைக்காரர் ஒருவர் நாயோடு வந்து, அந்த அடையாளத்திலிருந்து தடம் பிடித்துப் போவார். காயம்பட்டது காட்டுக்குள் கிடந்து துடிக்கக்கூடாது என்பதற்குத்தான் இத்தனையும்.

"இது கூட இல்லாம பெட்டியாம் பெட்டி," என்றபடி தன் காருக்குப் போய், கதவுப் பையில் இருந்த மஞ்சள் நாடாவை எடுத்து வந்து அவன் பெட்டியில் வைத்தாள். மனம் நிறைந்துவிட்டது. "இப்பத்தான் பெட்டி பெட்டி மாதிரி இருக்கு."

"அப்போ பாஸா?"

"அவசரப்படாத. நாள் இன்னும் முடியல."

தாகே புல்லில் கிடந்தவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

டவுனில் சொல்லி வைத்திருந்த கேக்கை வாங்கி வர இருவரும் குன்னெலின் காரில் போனார்கள். இறாலும் முட்டையும் மயோனைஸும் அடுக்கிய ரொட்டிக் கேக். அது இல்லாமல் எங்களுக்குப் பிறந்தநாளும் இல்லை, சாவு வீட்டுச் சாப்பாடும் இல்லை. கூடவே ஒரு பாக்கெட் பலூனும் வாங்கினார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் விருந்துக்கு விலாசம் சொல்வதில்லை. வீடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். ரோடு பிரியும் இடத்தில் நாலு பலூன் கட்டிவிட்டால் போதும், வண்டிகள் தானாகத் திரும்பும்.

திரும்பி வரும் வழியெல்லாம் தாகே கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பலூன் ஊதினான். ஊதி ஊதிப் பின்சீட்டுக்குத் தள்ளினான்.

"கூரை மேல ஏறி இறங்குறவனுக்கு இவ்வளவுதான் மூச்சா?"

"அறுபது வயசு நெஞ்சு இது. கொஞ்சம் மரியாதையா பேசு."

"கண்ணாடில பின்னாடி ஒண்ணுமே தெரியல, தாகே. ஒரே பலூன்."

"முன்னாடி பார்த்து ஓட்டு. நம்ம வயசுல பின்னாடி பார்த்து என்ன ஆகப்போகுது?"

அவள் சிரித்தாள். நல்லவேளை, முன்னாடிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சதுப்பு நிலத்துப் பக்கம் பனிமூட்டம் இறங்கியிருந்தது. பள்ளத்திலிருந்து ஓர் இளம் எல்க் சாவகாசமாக ரோட்டில் ஏறியது. குன்னெல் பிரேக்கை மிதித்தாள். கார் முக்கால்வாசி நின்றுவிட்டது, கால்வாசி போய் இடித்தது. சைடு கண்ணாடி பறந்தது. பலூன்கள் படபடவென்று வெடித்தன. எல்க் முட்டி மடிந்து விழுந்தது, எழுந்தது, இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காட்டுக்குள் நடந்து மறைந்தது.

"குன்னெல்," என்றான் தாகே மெதுவாக. "எனக்கு ரத்தம் வருதா பாரு. நெஞ்செல்லாம் ஈரமா இருக்கு."

"மயோனைஸ்."

"தாடியில?"

"இறால்."

அவ்வளவுதான், குன்னெல் இயங்க ஆரம்பித்துவிட்டாள். இருபது வருடம் காத்திருந்த தருணம் அல்லவா! விளக்குகளைக் கண்சிமிட்ட வைத்தாள், ஜாக்கெட்டை மாட்டினாள், போலீசுக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னாள், முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்துபோய் ரோட்டோரம் ஊன்றினாள். எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. தன் பெட்டியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு திரும்பிப் பார்த்தாள்.

தாகேயைக் காணவில்லை. புகைபோக்கிக்காரர்களின் கறுப்புக் கோட்டுதான் அவனுக்குப் பிறந்தநாளுக்கும். அந்தக் கோட்டோடு ரோட்டோரம் குனிந்து உடைந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தவனைப் பனிமூட்டம் முழுங்கியிருந்தது. எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஹாரன் அலறியது. கறுப்பாக ஏதோ ஒன்று பள்ளத்துக்குள் பாய்ந்தது. லாரி கடந்து போனது.

குன்னெல் ஓடினாள். எப்படி ஓடினாள் என்று பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை. பள்ளத்திலிருந்து சேறும் பாசியுமாக தாகே எழுந்து நின்றான், கையில் சைடு கண்ணாடியோடு.

"கிடைச்சிருச்சு," என்றான்.

"அறிவிருக்கா உனக்கு? கண்ணாடியாம் கண்ணாடி! லாரிக்காரன் கண்ணுக்கு நீ தெரியவே இல்ல! ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு இறங்க மாட்டியா?"

"எதை மாட்ட? ஒண்ணுதானே இருக்கு. அதை நீ போட்டிருக்க."

குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னான். ஆனால் குன்னெலுக்கு யாரோ பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. ஊசி நூல் உண்டு, இல்லாத நாய்க்குப் பேண்டேஜ் உண்டு. பக்கத்து சீட்டில் ஒரு மனிதன் உட்காரக்கூடும் என்பது மட்டும் இத்தனை வருடத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. இவனுக்குத் தோன்றியிருக்கிறது. முதல்முறை பெட்டி வைத்தபோதே தோன்றியிருக்கிறது. அதைத்தான் காலையில் அவள் எடுத்துப் புல்லில் போட்டாள்.

ஜாக்கெட்டைக் கழற்றி அவனுக்கு மாட்டினாள். தோளில் இறுக்கமாக இருந்தது. இறாலோடு சேர்த்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"சரி, நாடாவைக் கட்டிடலாம்," என்று கதவுப் பையில் கையை விட்டவள் அப்படியே நின்றாள். நாடா தாகேயின் பெட்டியில், தாகேயின் வீட்டில், பத்திரமாக இருந்தது.

தாகே சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. "பலூன் நாலு மிச்சம் இருக்கு. கலர் பளிச்சுன்னு இருக்கும்."

ரோட்டோரத்தில் நின்ற வெள்ளைத்தண்டு பூர்ச்ச மரத்தில் பலூன்களைக் கட்டினார்கள். போலீசுக்கு மறுபடி போன் போட்டு, "பலூன் கட்டின இடம்," என்று சொன்னார்கள். ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. இழுவை வண்டி வர நேரமாகும் என்றார்கள். திறந்த டிக்கியில் இருவரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஃபிளாஸ்க்கில் காபி இருந்தது. கப் ஒன்று. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு அவனிடம் கொடுத்தாள்.

தாகே கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குன்னெல், பந்தயத்துல நான் ஜெயிச்சிட்டேன்."

"என்ன?"

"உன் டிக்கில இல்லாத சாமான். ரெண்டாவது கப். பன் எனக்குத்தான்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தாகே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தப் பெட்டி நான் ஏன் வாங்கினேன்னா..."

அவள் முடிப்பதற்குள் ஒரு கார் வந்து ஓரம் கட்டியது. டவுனில் புகைபோக்கி வேலை பார்க்கும் சக தொழிலாளி ஒருவர், மனைவியும் பூங்கொத்துமாக இறங்கினார்.

"வாழ்த்துக்கள்டா தாகே! அட்டகாசமான இடம்! காட்டுக்குள்ளயே விருந்தா? எனக்கு இந்த யோசனை வரலையே!"

"இல்லப்பா, இது வந்து..."

"ஏய், நாற்காலி எடு!" என்றார் அவர் மனைவியிடம். மடக்கு நாற்காலி இல்லாத கார் எங்கள் நாட்டில் ஓடுவதில்லை. பின்னாலேயே இன்னொரு கார் பலூனைப் பார்த்துத் திரும்பியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. தாகே ஒவ்வொருவரிடமும் எல்க் கதையை ஆரம்பித்தான். ஒவ்வொருவரும் கதையைக் கேட்டுவிட்டு, வந்தது வந்தோம் என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள்.

தாகேயின் போன் அடித்தது. உல்லா-பிரித். பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"டேய், மணி என்ன? ஆறு ஃபிளாஸ்க் காபி போட்டு வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறேன். ஒரு ஈ காக்கா வரல! ஊர்ல உனக்கு இவ்வளவுதான் மதிப்பா?"

"எல்லாரும் இங்கதான்க்கா இருக்காங்க."

"எங்க?"

"சதுப்புகிட்ட. எல்க் இடிச்ச இடத்துல."

"அப்போ பச்சைக் கலர் இனிப்புக் கேக்கையும் எடுத்துட்டு வரவா?"

அவள் வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் வேட்டைக்காரப் பெண் ஓசாவும் நாயோடு வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பலூன் கட்டின இடம்னு சொன்னது யாரு? இன்னிக்கு சனிக்கிழமைங்க! வழியில ரெண்டு பிறந்தநாள் வீட்டுக்குள்ள துப்பாக்கியோட போய்ட்டு வர்றேன். ஒரு வீட்ல குழந்தைங்க அழுதுச்சு. இன்னொரு வீட்ல உக்கார வச்சு கேக் குடுத்துட்டாங்க."

"நல்லா இருந்துச்சா?" என்றாள் உல்லா-பிரித்.

"இருந்துச்சு," என்று ஒப்புக்கொண்டாள் ஓசா. "எல்லாரும் தள்ளி நில்லுங்க, தடத்தை மிதிக்காதீங்க. தேடு!"

நாய் மூக்கைத் தரையில் வைத்தது, ஒரு வட்டம் அடித்தது, நேராகப் போய் தாகேயின் நெஞ்சை நக்க ஆரம்பித்தது. தாடியில் மிச்சமிருந்த இறாலும் போனது. ஓசா அதை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்த் திரும்பியபோது அவள் கோபமும் தணிந்திருந்தது.

"எல்க் நல்லா இருக்கு. ஓடையெல்லாம் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்னு மேயுது. நொண்டல்கூட இல்ல. உங்க கண்ணாடிதான் பிழைக்காது."

அதற்கே ஒரு கைதட்டல் எழுந்தது. பிறகு எல்லாரும் எழுந்து நின்று பிறந்தநாள் பாட்டைப் பாடினார்கள், வழக்கம்போல நாலு முறை ஹுர்ரே போட்டார்கள். நாலுதான் எப்போதும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கடந்து போன கார்கள் ஹாரன் அடித்தன. மஞ்சள் ஜாக்கெட்டுக்குள் பிதுங்கிக்கொண்டு தாகே நடுவில் நின்றான்.

உல்லா-பிரித்துக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. கேக் வெட்டிய கத்தியோடு திரும்பினாள். "ஏன்டா, கேட்ட கேள்விக்குப் பதில் வந்துச்சா இல்லையா?"

எந்தக் கேள்வி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்திருந்தது.

"நாள் இன்னும் முடியலக்கா," என்றான் தாகே, தரையைப் பார்த்துக்கொண்டு.

குன்னெல் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த மலைப்பாதை இன்னும் அவள் மனதில் இருந்தது. பயமும் இருந்தது. ஆனால் லாரி கடந்து போன அந்த நொடியில் அவள் தன்னை நினைக்கவே இல்லை. ஒருவனைத் தேடி ஓடியிருந்தாள்.

"தாகே, அந்த ரெண்டாவது ஜாக்கெட் எங்க?"

"வீட்டு வாசல்ல, ஆணியில மாட்டியிருக்கேன்."

"என்ன சைஸ்?"

"சின்னது. உனக்குன்னு எடுத்தேன்." அவன் தயங்கினான். "வேணாம்னா கடையில திருப்பிக் குடுத்துடறேன்."

"அந்த ஆணியிலயே இருக்கட்டும்," என்றாள் குன்னெல். "இனிமே நான் வேலைக்கு அங்கேருந்துதானே கிளம்பணும்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. உல்லா-பிரித்துக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. ஐந்தாவது ஹுர்ரேயை அவள்தான் ஆரம்பித்தாள்.